ரான்கோவின் முன்பல்

ரான்கோ,

வேலைக்குக் கிளம்பிட்டேன். நீ அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. நேத்து கல்யாணத்துல நாற்காலி மேல ஏறி ஆடி, விழுந்ததுல தெறிச்சுதே முன்பல், அது திரும்ப ஒட்டிக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். உன் சித்தப்பா மிலுட்டின் அதைச் சாராயத்துல கழுவப் பார்த்தார். நான்தான் பிடுங்கி, வேர்ல கை படாம, பால் டம்ளர்ல போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள உன்னையும் இழுத்துக்கிட்டு ஓடினேன். நம்ம சண்டையில உன்கூடப் பேசக் கூடாதுன்னு இருந்ததே மறந்துபோச்சு.

அடுப்புல பீன்ஸ் சூப் இருக்கு. ஆறவிட்டுக் குடி. கம்பி கட்டின பல்லால எதையும் கடிச்சு வைக்காதே.

அப்புறம், மூணு நாளைக்கு நீ பேசவே கூடாதாம். டாக்டர் உத்தரவு.

தெசாங்கா

சரி, டாக்டர் அப்படிச் சொல்லல. ஆனா நான் திட்ட வேண்டியது இன்னும் நிறைய இருக்கு, குறுக்கே பேசாம கேளு.