வழி திறந்தது, எண் வரவில்லை

அக்டோபர் 8, செவ்வாய்

கல்லூரியில் வலையமைப்புப் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "பொட்டலத்து மேல எந்த எண்ணை ஒட்டணும்னு முடிவு பண்றது யாரு மிஸ்? அனுப்புறவரா, வாங்குறவரா?"

வாங்குகிறவர்தான். 'டுலூத் நகருக்குப் போவதையெல்லாம் 17 என்று ஒட்டி என்னிடம் தா' என்று, தரவுப் பொட்டலத்தை வாங்கிக் கடத்தும் அடுத்த பெட்டி முன்கூட்டியே சொல்லி வைக்கும். வந்ததும் 17-ஐ உரித்துவிட்டு, தனக்கு அடுத்த பெட்டி கேட்ட 42-ஐ ஒட்டும். நடுவில் இருப்பவர் யாருக்கும் அது யாருடைய பொட்டலம் என்று தெரிய வேண்டியதில்லை.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம் என் கணவர் ஆர்லன். ஊர் மருத்துவமனைத் திரையில் டுலூத் சிறுநீரக மருத்துவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு மறுபடி அறுந்துவிட்டது. இன்னொரு தடவை அறுந்தால் திரைவழிப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்களாம். பிறகு வாராவாரம் டுலூத்துக்குப் பனிச் சாலையில் இரண்டு மணி நேரம் நான்தான் கார் ஓட்ட வேண்டும். இந்த மங்கல் கண்ணை வைத்துக்கொண்டா?

அக்டோபர் 9

ஆர்லனின் தங்கை சிக்னிதான் இங்கே தொலைபேசிக் கூட்டுறவின் வலை முழுவதையும் பார்த்துக்கொள்பவள். கூப்பிட்டேன்.

"என் வலை மேல பழி போடாதீங்க அண்ணி. ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். எல்லாம் 'இருக்கேன்'னுதான் சொல்லுது."

"அப்ப உங்க அண்ணன் ஏன் திரையில சிலை மாதிரி நின்னாரு?"

"எங்க அண்ணன் எப்பவுமே அப்படித்தானே!"

சிரித்துவிட்டேன். கோபம் மட்டும் போகவில்லை.

அக்டோபர் 12

சிக்னி காபிக்கு வந்தாள். ஏரிக்கரைக் கம்பியை அணில்கள் கடிக்கின்றன, ஆட்கள் போய் ஒட்டுகிறார்கள் என்றாள். எப்போது கடித்தது, எப்போது ஒட்டியது என்று கேட்டேன். ஆர்லன் பேச ஆரம்பிக்கும் முன்பே கடித்துவிட்டது. வேறு வழியாகச் சுற்றிப் பேச்சு நன்றாகவே போயிருக்கிறது. கம்பியை ஒட்டிய பிறகுதான் நின்றிருக்கிறது!

"அதெப்படி?" என்றாள்.

அக்டோபர் 15

ஆர்லன் காரின் பின்பெட்டியில் போர்வை, மண்வாரி, மெழுகுவத்தி வைத்தார். டுலூத் போகும் வழியில் பனியில் சிக்கினால் உதவுமாம்.

இந்த வாரம் மருத்துவருக்கு விடுமுறை. நல்லவேளை.

அக்டோபர் 19, சனி

தேவாலயத்தில் லூட்டஃபிஸ்க் மீன் விருந்து. தட்டுகள் சமையலறையிலிருந்து தாழ்வாரம் வழியாகக் கூடத்துக்குப் போக வேண்டும். தாழ்வாரத்தில் சிக்னி. "வெண்ணெய் வேணாம்னவங்க தட்டுல பச்சை டேப் ஒட்டிக் குடுங்க, எனக்குப் பச்சைதான் பளிச்சுனு தெரியும்" என்று சமையலறைக்குச் சொல்லி வைத்திருந்தாள். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

நடுவில் யாரோ இறுகிக் கிடந்த பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். குறுக்கு வழி! தட்டு கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். அங்கே நின்றிருந்தது நான். என்ன டேப் வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. டேப் இல்லாத தட்டுகள் வந்து குவிந்தன.

"இது யாருக்குப்பா?"

"யாருக்குத் தெரியும்? வழி கிட்டன்னு கொண்டாந்தேன்."

"டீச்சருக்கு வேலை குடுத்தா இப்படித்தான்" என்று சிக்னி தாழ்வாரத்திலிருந்து கத்தினாள். கத்தியவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"அண்ணி... வழி திறந்துடுச்சு. எண் வரலை!"

மீன் ஆறினால் ஆறட்டும் என்று இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டோம். கம்பி ஒட்டிய உடனே வழி தேடும் நிரல் 'கிட்ட வழி வந்தாச்சு' என்று பொட்டலங்களைத் திருப்பிவிடுகிறது. ஆனால் அந்தக் கம்பியின் இரண்டு முனைப் பெட்டிகளும் வணக்கம் சொல்லி, பேச உட்கார்ந்து, எண்களைக் கொடுத்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை மருத்துவமனைப் பொட்டலம் எண் இல்லாமல் போகிறது. நடுப்பெட்டிக்கு மருத்துவமனை யாரென்றே தெரியாது, வீசிவிடுகிறது. கம்பி அறும்போது அந்தச் சிக்கல் இல்லை. சுற்றுவழிப் பெட்டிகள் கொடுத்த எண்கள் முன்பே கையிருப்பில் இருக்கின்றன. சிக்னி பெட்டிகளைக் கூப்பிட்டபோது பதில் வந்ததும் அதனால்தான்: பெட்டிகளுக்கு ஒன்றையொன்று தெரியும், எண்ணே வேண்டாம்.

அக்டோபர் 21

எண்கள் வந்து சேரும்வரை புது வழியை 'வெகு தூரம்' என்றே கணக்கில் வைக்கும்படி எல்லாப் பெட்டிகளிலும் சிக்னி மாற்றிவிட்டாள். சோதித்துப் பார்க்க, நான் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து திரைவழியே அவளுக்கு லெஃப்ஸ என்ற உருளைக்கிழங்கு ரொட்டியின் செய்முறை வாசித்தேன். அவள் அங்கே கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். பேச்சு அறவில்லை.

"உருளைக்கிழங்கு ஜாஸ்தி அண்ணி" என்றாள்.

நாளைக் காலையில் கடிபட்ட கம்பியை அடியோடு மாற்றுகிறார்களாம். பனிக்கு முன் வேறு நாளில் ஆள் கிடைக்கவில்லை. நாளைதான் ஆர்லனுக்கும் மருத்துவர். பயமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

அவர் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது பழைய கம்பியை அறுத்துப் புதியதை மாட்டினார்களாம். வெளியே வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"டாக்டருக்கும் மீன்பிடிக்கப் பிடிக்குமாம். கடைசி வரைக்கும் அதே பேச்சுதான்."

வீட்டுக்கு வந்ததும் பின்பெட்டியிலிருந்து போர்வையை எடுத்துக் ஏரி உறைவதற்காகக் கொல்லையில் காத்திருக்கும் மீன்பிடிக் குடிசைக்குள் போட்டார்.

யாருக்காவது ஒன்றைக் கொடுத்தனுப்பும் முன், அதில் என்ன அடையாளம் போட வேண்டும் என்று வாங்குகிறவரையே கேட்டுப் பார்.