பலா மரத்து மாமா

ஏட்டி எலினா,

சோலார் வேலி போட்டாத்தான் மே மாசம் பிள்ளையத் தூக்கிட்டு வருவேன்னு சொல்லிட்டுப் போனை வச்சிட்டயே, அப்பன் சொல்ல வந்ததக் கேட்டியா? கடுதாசின்னா நடுவுல கட் பண்ண முடியாதுல்ல, அதான் எழுதுறேன். நானும் உங்கம்மாவும் சுகம், மலையில உன் மாமாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஷார்ஜா வெயில்ல வாடாம இருக்கக் கர்த்தர் கிருபை செய்யணும்.

மாமான்னதும் உனக்கு மூக்கு மேல கோவம் வரும். போன வாரமும் மம்சாபுரம் தோப்புக்கு வந்தாரு, தென்னங்கன்னப் பிடுங்கிப் போட்டு, பலாப்பழத்தத் தின்னுட்டு மலையேறிட்டாரு. அடிவாரத்துல ஆனைன்னு பேரச் சொல்லக்கூடாது, சொன்னா கூப்பிட்டதா நெனச்சு வந்துருவாக, மாமன் மச்சான்னு மொறை சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டாகன்னு எங்கய்யா சொல்லுவாரு. உங்கம்மா கூடப்பொறந்தவுக யாருமில்லாதவ. உனக்குக் காது குத்தையில மடியில வச்சிக்கிட ஒரு தாய்மாமன் இல்லையேன்னு அழுதா. நாந்தான், அழாத அன்னத்தாயி, மலையில உங்கண்ணன் இருக்காக, அவுக மடி ஊரு மடிய விட அகலம்னு கேலி பண்ணேன். அத நீ கெட்டியாப் பிடிச்சிக்கிட்ட. அந்த வருசம் அவரு தோப்போரம் வந்து நிக்கையில நான் பம்புசெட்டுக்குள்ள ஓடிட்டேன். நீ வாசல்ல நின்னுக்கிட்டு, மாமா எனக்குக் கம்மல் எங்கன்னு கேட்ட. உங்கம்மா ஓடி வந்து உன்னத் தூக்குறதுக்குள்ள அவரு காத ஆட்டிட்டுத் திரும்பிட்டாரு. சீர் செய்ய வக்கில்லாத மாமன்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

அந்த மாமனுக்குத்தான் இப்பக் கரண்டு வைக்கச் சொல்ற. உங்கம்மாவும் உன் கட்சி. பேத்தி தவழுற வயசு, உங்க கேலியெல்லாம் ஆகாதுன்னு ஒத்தக்கால்ல நின்னா. தோத்துட்டேன். நேத்து கிருஷ்ணன்கோவில்ல இருந்து வேலிக்காரத் தம்பி பாண்டிச்செல்வம் வந்து அளந்துட்டுப் போனான். இனி பயப்படாம டிக்கெட் போடு. பேத்திக்குக் காதுகுத்து இங்கதான். கோடாலித் தைலத்த மறந்துராத, முட்டிவலி எம்புட்டுன்னு சொல்லத் தெரியல. எல்லாரும் நூறு வயசு நல்லா இருங்க.

இன்னொண்ணு. உங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டேதான் எழுதுறேன், இதுவரைக்கும் சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தா. நேத்து பாண்டிச்செல்வம் அளக்கையில பலா மரத்தையும் வேலிக்குள்ள சேத்துக் கயிறு பிடிச்சான். இவ போயிக் கயித்த இந்தப் பக்கம் இழுத்து, மரம் வெளியில இருக்கட்டும் தம்பி, எங்கண்ணன் வந்தா எங்க போவாகன்னு கேட்டா. இந்த வரிய வாசிக்கையிலயே எந்திரிச்சிட்டா. அடுப்புல பால் இருக்காம். அடுப்பு இந்தப் பக்கம் இருக்கு, அவ பலா மரத்துப் பக்கம் போறா.

உன் அப்பன்,
கிறிஸ்துராஜ்