நாற்பதாயிரம் சொன்ன வண்டி

திருவொற்றியூர் குப்பம்,
ஆனி 14.

அன்புள்ள மாமாவுக்கு,

ரேகா எழுதுவது. நானும் அத்தையும் பாப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். பஹ்ரைன் வெயில் உங்களைப் படுத்தாமல் வடிவுடையம்மன் பார்த்துக்கொள்ளட்டும். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பொக்கை வாயை வைத்துக்கொண்டு தெருவையே அதிகாரம் பண்ணுகிறாள்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வண்டிப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு டவர் போய்விடுகிறதே, அதனால்தான். உங்கள் படகில் வேலை செய்யும் அஜின் லீவு முடிந்து திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கவரைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே வண்டியைப் பெயர் மாற்றும் ஃபாரமும் இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

ஸ்கூட்டர் எனக்கு எதற்கு என்று உங்களுக்கே தெரியும். காசிமேட்டில் மீன் எடுத்துப் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் வீடு வீடாகக் கொடுக்கிறேன். மீன் கூடையைக் கண்டாலே ஷேர் ஆட்டோக்காரன் நிற்காமல் போகிறான். நிற்கிறவன் இரண்டு ஆள் காசு கேட்கிறான். போய்ச் சேருவதற்குள் ஐஸ் கரைந்து, மீன் கண் மங்கி, அந்த அம்மாக்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். இப்படியே போனால் வாடிக்கை போய்விடும். ஸ்கூட்டர் என்றால் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு அரை மணியில் போய்விடலாம். உங்கள் பைக்கை விற்றுத்தான் அதை வாங்க வேண்டும். விற்றுக்கொள் என்று நீங்களும் சொன்னீர்கள். ஆனால் நாற்பதாயிரத்தில் ஒரு ரூபாய் குறையக் கூடாது என்றீர்கள். பதினாலு வருஷ வண்டிக்கு!

சொன்னேன் மாமா, நீங்கள் சொன்ன விலையையே சொன்னேன். வந்தவர்களில் ஒருவன், "இன்னாக்கா, வண்டி மட்டுமா, வூடும் சேத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு மானமே போயிற்று.

அப்புறம் உங்கள் அருமைத் தம்பி அர்ஜுன் ஒரு வேலை பார்த்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள் இல்லையா, அதில் மீந்த நீல பெயின்டைக் கொண்டுவந்து வண்டியில் துரு பிடித்த இடமெல்லாம் பூசிவிட்டார். "அண்ணி, இப்ப பாரு, புது வண்டி மாரி கீது. அம்பதே சொல்லலாம்" என்றார். மட்கார்டு, ரிம்மோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, சைலன்சரையும் விடவில்லை. பார்க்க வந்த ஆள் ஒரு உதை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். சூடு ஏற ஏற பெயின்ட் கருகி, தெரு முழுக்கப் புகை. "வண்டி பத்திக்கினு எரியுதும்மா!" என்று அவர் இறங்கி ஓட, அத்தை ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்ற, நானும் பாப்பாவும் சிரித்து மாளவில்லை. அர்ஜுன் இரண்டு நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை.

கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு தண்டையார்பேட்டை மெக்கானிக் மஜீது பாயிடம் போனேன். நகத்தால் பெயின்டைச் சுரண்டிப் பார்த்தவர், "இன்னாம்மா இது, ரோட்ல வுடப்போறியா, கடல்ல வுடப்போறியா?" என்றார். "துருவ மறச்சா, உள்ள இன்னா கலீஜோன்னு வாங்குறவன் பயப்படுவான். இருக்கறத அப்டியே காட்டு. சொல்ற வெல வேற, கைக்கு வர்ற வெல வேற. வித்தவன கண்டுபுடிச்சு கேளு" என்று சொல்லி அனுப்பினார்.

போனில் விளம்பரம் போடுகிறவர்கள் எழுதுவது எல்லாம் ஆசை விலைதானாம். அதனால் எர்ணாவூர் வரைக்கும் போய், இதே மாடல் வண்டியை விற்றவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். பதினெட்டு வந்தது என்றார் ஒருவர், இன்னொருவருக்கு இருபத்திரண்டு. அதற்கு மேல் யாருக்கும் வரவில்லை. நம் வண்டிக்கு அடுத்த வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், பின் டயர் வழுக்கை, இன்சூரன்ஸ் போன தீபாவளியோடு முடிந்துவிட்டது. என்ஜின் மட்டும் தங்கம் என்கிறார் பாய்.

மாமா, நீங்கள் மீன் விற்கிற வீட்டில் பிறந்தவர். காலை வஞ்சிரத்துக்கு ஒரு விலை, மத்தியான வஞ்சிரத்துக்கு ஒரு விலை. அதே மீன்தான், காலையில் எவ்வளவு கேட்டார்கள் தெரியுமா என்று மத்தியானம் யாரிடம் சண்டை போட முடியும்? நம் வண்டி ஒரு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் நின்று உப்புக் காற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் நாற்பது நாற்பது என்னும்போதே அது மாசாமாசம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

தடைக்காலத்தில் குப்பத்தில் பாதிப்பேர் வண்டியை விற்கத்தான் நிற்பார்கள். அதனால் படகுகள் கடலுக்குப் போய் நல்ல மீன்பாடு வந்து, ஜனங்கள் கையில் காசு புரளும்வரை பொறுத்தேன். உப்புத்தாள் போட்டு பெயின்டையெல்லாம் தேய்த்து எடுத்தேன். இருபத்திரண்டு சொன்னேன்.

விம்கோ நகரில் வயரிங் வேலை செய்யும் பிராங்கிளின் என்கிற பையன் வந்தான். துருவை நானே காட்டினேன். மழை நாளில் நாலு உதை உதைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதினேழு என்றான். என் பிள்ளை வண்டியைக் கண்டவனுக்குக் கொடுக்கிறாளே என்று காலையிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அத்தை அப்போது எழுந்து வந்தார் பாருங்கள்! "இன்னா நைனா, பதினேழா? நெத்திலி காச வச்சிகினு வஞ்சிரத்த தொட்டுப் பாக்குறியா? என் புள்ள இத்த ஓட்டிகினு ஒரு நாளு கீய வுழுந்தது கெடியாது!" என்று பிடித்துக்கொண்டார். இருபதாயிரத்துக்கு முடிந்தது. இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். உங்கள் கையெழுத்து வந்ததும் மீதியைக் கொடுத்து வண்டியை எடுத்துப்போவான்.

அவன் போனபின் வண்டிமேல் உட்கார்ந்து அழுதேன் மாமா. இதில்தான் மழையில் என்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனீர்கள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் "மன்னிச்சிக்கோ ரேகா, மன்னிச்சிக்கோ ரேகா" என்று கத்திக்கொண்டே ஓட்டினீர்கள். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் நாற்பது போட்டீர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிராங்கிளின் பாவம், அதற்கு எதற்குக் காசு தரவேண்டும்? அதெல்லாம் நம்மிடம்தானே இருக்கிறது.

வண்டியும் வாசலில் இல்லையென்றால் இந்த வீட்டில் உங்கள் இடம் போய்விடும் என்று நினைக்கிறீர்களா? பாப்பா இன்றைக்கும் சாப்பாட்டுக்கு நாலு தட்டுதான் எடுத்து வைக்கிறாள். அத்தையும் அதைத் திருத்துவதில்லை, நானும் திருத்துவதில்லை.

பாயிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கிறது. இருபத்தாறு. மீதிக்கு என் சீட்டுப் பணம் இருக்கிறது. இந்த மாசம் முழுக்க எனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குமேல் முடியாதாம். உங்களிடம் சொல்லாத ஒன்று: நான் எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டேன். முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன், இரண்டாம் தடவை பாஸ்.

ஃபாரத்தில் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போடுங்கள். ஆர்.சி.க்குப் போட்ட அதே கையெழுத்து, புதிதாகச் சுழி எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பும் ஆள் யாராவது இருப்பார்கள், விசாரித்துக் கொடுத்தனுப்புங்கள்.

நீங்கள் லீவில் வரும்போது ஏர்போர்ட்டுக்கு அந்த ஸ்கூட்டரில் நானே வருவேன். பெண்டாட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து குப்பத்துக்குள் வர உங்களுக்கு வெட்கமாக இருந்தால் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வெட்கம் இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு, எந்த மாசம் வருகிறீர்கள் என்று பின்பக்கம் எழுதுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

கடலில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

இத்தனை வருஷம் உங்கள் பின்னால் உட்கார்ந்து வந்த,
ரேகா