மின்னி பே கணினி அறையில் குக்கிகளை எல்லோருக்கும் பொதுவாக அழிக்கக் கோருதல்

அனுப்புநர்:
தே. பானு,
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
மின்னி பே, போர்ட் பிளேர்.
(வீட்டு எண் எழுதவில்லை. காரணம் பத்தி 9-இல் உள்ளது.)

பெறுநர்:
கண்காணிப்பு அதிகாரி அவர்கள்,
பொதுக் கணினி அறைகள் பிரிவு,
மரைன் ஹில், போர்ட் பிளேர்.

பொருள்: எங்கள் பகுதிக் கணினியில் வலைத்தளங்கள் விட்டுச்செல்லும் குக்கிகளை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அழிக்கவும், இனி தினமும் அழிக்கவும் உத்தரவிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சுனாமிக்குப் பிறகு எங்கள் பகுதிக்குக் கிடைத்த கணினி அறையை நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பயன்படுத்தி வருகிறேன். அங்கிருந்த இரண்டு கணினிகளில் ஒன்று உப்புக் காற்றில் கெட்டுவிட்டது. மற்றதில்தான் எல்லோரும் மெயின்லேண்ட் ரயில் டிக்கெட், தேர்வு முடிவு, புயல் எச்சரிக்கை, டெண்டர் அறிவிப்பு எல்லாம் பார்க்கிறோம். அறைப் பொறுப்பாளர் திரு. ஜம்புலிங்கம் நல்லவர். அவர் மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை.

2. இங்கு இணையம் சேட்டலைட் வழியாக வருவது தாங்கள் அறிந்ததே. ஒரு பக்கம் திறப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் திறந்த பக்கத்தை யாரும் மூடுவதில்லை, மின்னஞ்சலிலிருந்து வெளியேறுவதும் இல்லை. எழுந்தவர் இடத்தில் அடுத்தவர் அப்படியே உட்கார்ந்துகொள்வார். சென்ற மாதம் சொர்ணம்மா அக்காவின் மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்த செய்தியை, அக்கா படிக்கும் முன் வேறொருவர் படித்துவிட்டு வீட்டுக்கே போய் வாழ்த்துச் சொன்னார். அக்கா கோபப்படவில்லை. காபி கொடுத்து அனுப்பினார். ஆகவே இதுபற்றித் தங்களுக்கு வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

3. சென்ற வெள்ளிக்கிழமை, தங்குமிடங்களின் முகவரிகளைத் தொகுத்துத் தரும் ஒரு வலைத்தளத்தைப் பார்த்தேன். வீட்டில் அடிபடும் பெண்களைப் பிள்ளைகளோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளும் இல்லம் சென்னையில் ஒன்று இருப்பதாக அதில் இருந்தது. என் தாயாருக்காகப் பார்த்தேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. இந்த மனுவின் பொருள் அதுவன்று என்பதால் மேலும் எழுதவில்லை.

4. பார்த்து முடித்ததும், பார்த்த பக்கங்களின் பட்டியலை அழித்தேன். அது போதும் என்று நினைத்தது என் தவறு. திங்கட்கிழமை உதவித்தொகை விவரம் பார்க்கப் போனபோது, புயல் எச்சரிக்கைப் பக்கத்தின் ஓரத்தில் ‘பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம், சென்னை’ என்று விளம்பரம் வந்து நின்றது. பக்கத்தில் நின்ற கான்ட்ராக்டர் திரு. நல்லதம்பி, “அரே, எந்த வீட்டுப் பொம்பளை கப்பலேறப் போறான்னு மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் மாலும் இல்ல” என்றார். அதற்குத் திரு. ஜம்புலிங்கம், “தேவேந்திரன் அண்ணன் நிக்கோபார்லருந்து வரட்டும்ப்பா. மெஷினக் குடைஞ்சு யாருன்னு சொல்லிருவாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

5. தேவேந்திரன் என் தந்தை.

6. அவர் கட்டட வேலைக்காக நிக்கோபார் சென்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் திரும்புகிறார். வந்த மறுநாள் காலையில் டெண்டர் பார்க்க அந்தக் கணினியில் உட்காருவது அவர் வழக்கம். அம்மாவின் கைப்பேசியை வாங்கி, யார் யாரோடு பேசினார் என்று பார்ப்பதும் அவர் வழக்கம். எங்கள் பகுதியில் கணினி பற்றி அவரைவிட அறிந்தவர் இல்லை.

7. குக்கி என்றால் என்ன என்பதை பிரவுசரின் உதவிப் பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் ஒரு வலைத்தளத்துக்குப் போகும்போது அது ஒரு சிறு குறிப்பை நம் கணினியில் வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை போனால் அந்தக் குறிப்பைக் கொண்டு நம்மை அடையாளம் காண்கிறது. மின்னஞ்சல் மறுபடியும் கடவுச்சொல் கேட்காமல் திறப்பது இதனால்தான். இந்த வகையில் தீமை இல்லை. ஆனால் அதே பக்கத்தில் இடம்பிடித்திருக்கும் விளம்பர நிறுவனங்களும் தங்கள் குறிப்பை வைக்கின்றன. நாம் வேறு தளத்துக்குப் போனாலும் அவை பின்தொடர்ந்து வந்து, முன்பு பார்த்ததற்கு ஏற்ற விளம்பரத்தைக் காட்டுகின்றன. உட்கார்ந்திருப்பது நானா, நல்லதம்பி மாமாவா என்று அவற்றுக்குத் தெரியாது. கணினியை மட்டுமே தெரியும். மேலும், பிரவுசர் அமைப்புக்குள் சென்றால் எந்தெந்தத் தளம் குக்கி வைத்திருக்கிறது என்ற பெயர்கள் வரிசையாக இருக்கும். என் தந்தை அங்கே பார்ப்பார்.

8. இதை நானே அழித்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நான் பட்டியலை அழித்த அன்று ரயில் டிக்கெட் தளத்தின் முகவரி தானாக வராமல் போனதால் திரு. ஜம்புலிங்கம் வருத்தப்பட்டு, ‘எதையும் டிலீட் செய்யாதீர்கள்’ என்று மூன்று மொழிகளில் பலகை எழுதி மாட்டிவிட்டார். “இது சேட்டலைட் நெட்டும்மா. ஒண்ணு போச்சுன்னா மறுபடி வர பூரா நாள் ஆகும், சம்ஜீ?” என்று எல்லோரிடமும் சொன்னதுபோல் என்னிடமும் சொன்னார். இப்போது பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருகிறார். பக்கங்களை வேகமாகத் திறக்க உதவுவது கணினி சேமித்து வைக்கும் படங்களும் பக்க நகல்களும்தான். அவை வேறு, குக்கி வேறு. அழிக்கும் இடத்தில் குக்கிக்கு மட்டும் குறியிட்டால் வேகம் குறையாது. இதை அவருக்கு நான் சொன்னால், ஏன் சொல்கிறாய் என்று கேட்பார். நான் பார்த்த தங்குமிடத் தளத்தின் குக்கியை மட்டும் நீக்கவும் வழி உண்டு. ஆனால் விளம்பர நிறுவனத்தின் குக்கி வேறு பெயரில் இருக்கிறது. எது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நீக்கினால் எல்லோருடைய மின்னஞ்சலும் ஒரே நேரத்தில் கடவுச்சொல் கேட்கும். கடைசியாக உட்கார்ந்தது யார் என்று தேடுவார்கள்.

9. ஆகவே தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வர வேண்டுகிறேன். பிரவுசரை மூடியவுடன் குக்கிகள் தாமாக அழியும்படி அமைக்கலாம். பிற நிறுவனங்களின் குக்கிகளை ஏற்காதபடியும் அமைக்கலாம். இரண்டும் அந்த அமைப்புப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒருவர் எழுந்ததும் பிரவுசரை மூடிவிட்டு அடுத்தவர் திறக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். சிலர் முணுமுணுப்பார்கள். கடவுச்சொல்லை மறந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் உதவுகிறேன். இந்த உத்தரவு எல்லா அறைகளுக்கும் ஒன்றாக வரட்டும், மின்னி பே என்று தனியாகக் குறிப்பிட வேண்டாம். என் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம், வீட்டுக்குக் கடிதம் அனுப்பவும் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைத் தந்தைதான் பிரிப்பார்.

10. விளக்குப் போடாமல் எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளவும். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் தங்கள் அலுவலகப் பெட்டியில் இதைப் போடுகிறேன்.

நான் அழித்தால், அழித்தவள் யார் என்று கேட்பார்கள். உத்தரவின்படி எல்லோருக்கும் அழிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சனிக்கிழமை மாலை அறைக்குப் போவேன். அந்தப் பலகை மாறியிருந்தால் தங்கள் பதில் கிடைத்ததாக எடுத்துக்கொள்வேன். அன்றிரவே என் தாயாரிடம் அந்த இல்லத்தைப் பற்றிச் சொல்வேன். அப்படி ஓர் இடம் இருப்பது அவருக்கு இன்னும் தெரியாது.

இடம்: மின்னி பே
நாள்: 21.11.2012

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
தே. பானு