ஏழு லெட்சுமி

என் உயிரான அம்மாவுக்கு,

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் நான் செய்த காரியத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வாரமாக மழை விடவில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, சரிந்துவிடலாம் என்று எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கச் சொன்னார்கள். லொறியில் ஏற்ற வேண்டியவர்களின் பட்டியலை, பசறையில் நான் வேலை செய்யும் டைப்பிங் கடையில்தான் திருத்தி அச்செடுக்கக் கொடுத்தார்கள். பழைய பட்டியல். அதில் நீயும் இருந்தாய்.

கணினியில் ஒரு வசதி உண்டம்மா. எழுதும் இடத்தில் ஒரு கோடு மினுக்கும், அதுதான் கர்சர். ஒரே சொல் வருகிற இடத்திலெல்லாம் அதை ஒரே நேரத்தில் நிறுத்தலாம். ஒரு தடவை அடித்தால் போதும், எல்லா இடத்திலும் எழுதிவிடும். வரிக்கு வரி பிழையாக இருந்த நம் தோட்டத்து டிவிஷனின் பெயரை அப்படித்தான் திருத்தினேன். அதே கையோடு உன் பெயருக்கு வந்தேன். திரையைப் பார்க்க மனசில்லாமல், 'லெட்சுமி'க்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று அடித்து, அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நம் தோட்டத்தில் எத்தனை லெட்சுமி என்று எனக்குத் தெரியாதா?

லொறி மேலே போன பிறகுதான் திரையில் பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஏழு லெட்சுமியும் காலமாகியிருந்தார்கள். மற்றவர்கள் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். கடைசி வீட்டு லெட்சுமி அக்கா? உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர், அடுத்த வாரமே வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். அக்கம்பக்கத்தார் இந்தப் பட்டியலுக்கு முன்பே, முதல் லொறியில் இறங்கிவிட்டார்கள். ஏற்ற வந்தவர்களோ வெளியூர்க்காரர்கள், செத்தவரை ஏன் தேடப் போகிறார்கள்? போன் அடித்தேன், எடுக்கவில்லை. நான் எழுதியது பலித்துவிடுமோ என்று பயந்து, என் முதலாளி, கடைக்கார நானாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. என்னைப் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஏறினார். நான் எதையும் தொடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவருடைய போனிலிருந்து அக்காவின் குரல்.

"என்னடி கலா, என்னைய உசுரோட கொன்னுட்டியாமே? லொறி போறப்ப கத்திக் கத்திக் கூப்புட்டேன், ஒருத்தருக்கும் கேக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு, செய்ததை ரத்துச் செய்யும் பட்டனை அழுத்தினேன். ஏழு லெட்சுமியும் ஒன்றாகப் பிழைத்தார்கள். நீயும்தான். அப்படியே விட்டுவிடலாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் உனக்கும் ஒரு பாய் ஒதுக்குவார்கள், இல்லையா? ஆனால் உன்னைக் காணோம் என்று யாராவது இந்த மழையில் மேலே தேடிப் போவார்களே அம்மா.

கர்சரை உன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தேன். இந்தத் தடவை திரையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்.

மழை இன்னும் விடவில்லை. பயமாக இருக்கிறது. அக்கா எழுந்து நடக்கும்வரை அவர் பக்கத்திலேயே இருப்பேன். இனி எந்தப் பெயரையும் ஒவ்வொன்றாகத்தான் தொடுவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

மேல் லயத்து லெட்சுமியின் மகள்,
கலா