எதிரி காத்து நிற்கிற ஆட்டம்

என் முட்டைக்கண்ணிக்கு,

சாப்டியான்னு கேக்கத்தான் இன்னமும் வாய் வருது. நீ போன பிறகு மழை வந்து, மழை போய், வெயிலும் வந்துருச்சு.

நேத்து மில்லுல இருந்து நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்கிற அந்த கேம் கடைக்குப் போனேன். தலையெல்லாம் பஞ்சு. கடைக்காரத் தம்பிக்கு என்னை அடையாளம் தெரிஞ்சிருச்சு. "பாப்பா வரலையாக்கா?"ன்னு கேட்டான். வரலப்பான்னேன்.

நூருக்கு ஒரு கேசட்டு பாக்கத்தான் போனேன். ஆஸ்பத்திரியில உன் பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்பாளே, பேகம்பூர்ப் பிள்ளை. அவ அம்மாவை மார்க்கெட்டுல பார்த்தேன். "முன்னால கழுத்துல குழாய் போட்டாங்க, இப்ப இவளுக்கும் கையிலதான் ஊசி குத்துறாங்கக்கா. ரத்தத்தைச் சுத்தம் பண்ணி முடிக்கிற வரைக்கும் சும்மா கெடக்க மாட்டேங்கிறா. அக்கா வெளாடுச்சே கதை ஆட்டம், அது வேணுமாம்"னாங்க. உன் சின்ன கேம் மெஷின அவளுக்குக் குடுக்கலாம்னு அப்பவே நெனச்சுட்டேன். உன் கேசட்ட மட்டும் குடுக்க மனசு வரல.

தம்பி கார் ஓட்டுறது, துப்பாக்கி சுடுறதுன்னு எடுத்துப் போட்டான். நான் இடது கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு ஒத்தக் கையால அமுக்கிப் பாத்தேன். "என்னக்கா, வாத்தியார் முன்னால நிக்கிற மாதிரி நிக்கிறீங்க"ன்னு சிரிச்சான். நீயும் அங்கதான, துப்பட்டாவுக்குள்ள ஒரு கைய மறைச்சுக்கிட்டு நின்ன?

மாமா சிங்கப்பூர்ல இருந்து அந்த கேம் மெஷினைக் கொண்டாந்த புதுசுல, கார் ஆட்டம் ஆடி, ஊசி குத்துன கை அசைஞ்சு, ரத்த மெஷின் கூவி, நர்சம்மா உன்னை வஞ்சாங்க. அதுக்கப்புறம் நீ கேசட்டு எடுக்கிறதே வேற மாதிரி ஆயிருச்சு. ஒத்தக் கையால ஆட முடியணும். நாம யோசிச்சு அமுக்குற வரைக்கும் எதிரி அடிக்காம நிக்கணும்.

"அம்புட்டு நேரம் நிப்பானாடி?"

"நிப்பாம்மா. நம்ம முறை முடியாம கையத் தூக்க மாட்டான். ரொம்ப மரியாதையான பூதம்."

உன்னைப் பிடிச்ச வியாதிக்கு அந்த மரியாதை இல்லாமப் போச்சே.

அந்த ஆட்டத்துல இருந்த மூணு பேருக்கும் நம்ம வீட்டுப் பேரா வச்ச. முன்னால நின்னு அடி வாங்குறது மாமா. வாயத் தொறந்தா நெருப்பு விடுறது அப்பா. பின்னால நின்னு மருந்து குடுக்கிறது நான். நீ எங்கடின்னு கேட்டேன். "நான் உள்ள இல்லம்மா. நான்தான வெளிய இருந்து ஒங்கள நடத்துறேன்"ன்ன. உங்கப்பா இப்பெல்லாம் வாயே தொறக்கிறதில்ல. வெஞ்சனத்துல உப்பு இல்லைன்னாலும் சத்தம் போடுறதில்ல.

"நின்னு ஆடுற கதை ஆட்டமெல்லாம் இப்ப வர்றதில்லக்கா. வீட்டுல இருக்கிறதக் குடுத்துருங்க"ன்னுட்டான் தம்பி. அப்ப குடுக்க உன்னோடது ஒண்ணுதான் இருக்கு.

நூரு புதுசா ஆரம்பிக்க மாட்டாளாம், அவ அம்மா சொன்னாங்க. நீ கடைசியா விட்ட குகை வாசல்ல இருந்தே போவாளாம். அந்தக் குகைக்குள்ள என்ன இருக்குன்னு பக்கத்துக் கட்டில்ல இருந்து எட்டி எட்டிப் பாத்த பிள்ளைதான அவ. நீதான் பாக்க விடல. "உள்ள பெருசா ஒண்ணு இருக்கும்மா. கை வலிக்குது. அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு வாசல்லயே சேவ் பண்ணி மூடிட்ட.

அடுத்த தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, பஸ் கொடைரோட்டைத் தாண்டல. மூச்சு முட்டுது, ஜன்னலத் தொறம்மான்ன. தொறந்தேன். காத்து அந்த அடி அடிச்சுச்சு. உனக்குள்ள மட்டும் போகல. மெஷினு மஞ்சப் பையில, என் மடியிலதான் கெடந்துச்சு.

அந்த ரோட்டுல அதுக்கப்புறம் நான் பஸ் ஏறல. வர்ற வியாழக்கிழமை ஏறுறேன், கண்ணு. நூரு கூடவும் அவ அம்மா கூடவும் மதுரைக்குப் போறேன். அவ ஒத்தக் கையால ஆட, மெஷினைத் தலகாணி மேல வச்சு அசையாம நான் புடிச்சுக்குவேன். இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

ஒண்ணுதான் நெஞ்ச அறுக்குது. அந்தக் கேசட்டுல சேவ் பண்ண ஒரே எடந்தான் இருக்குன்னு நீ சொல்லிருக்க. அவ உள்ள போய் சேவ் பண்ணிட்டா, நீ நிறுத்துன எடம் போயிரும். நேத்து வந்து தொறந்து பாத்தேன். நீ காமிச்ச மாதிரி மேல இருக்கிறத அமுக்குனேன். மாமா, அப்பா, நான், மூணு பேரும் குகை வாசல்லயே நிக்கிறோம். யாரும் எங்கள அடிக்கல. யாரும் எங்கள நடத்தவும் இல்ல.

நீ நடத்தாம நாங்க உள்ள போகட்டுமாடி?

பின்னால நின்னு மருந்து குடுக்கிற
உன் அம்மா