லீவு தீருமுன் எடுக்கச் சொன்ன பிள்ளை

ஜூன் 12, வெள்ளி

காலை முதல் மழை. பிள்ளைக்கென்று அம்மா கிழித்து வைத்த பழைய வேட்டித் துணி எதுவும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நான்கு நாற்காலி, நாற்காலிக்கு மூன்று துணி. நான் உட்கார இடமில்லை.

ஆஸ்பத்திரிப் பை: நைட்டி 3 (முன்பக்கம் ஜிப்). துண்டு 2. ஃபிளாஸ்க். ஸ்கேன் ஃபைல். சார்ஜர். ரஸ்க். இந்த நோட்டு. சாக்ஸ் வேண்டுமா? தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

மதியம் வீட்டுக்காரர் ஜெபினும் மாமியாரும் வந்தார்கள். (இனி ஜெ., மா. குனிந்து எழுதினால் வயிறு மேசையில் இடிக்கிறது.) ஜெ. கத்தாரிலிருந்து வந்தது நாற்பது நாள் லீவில். 24ஆம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம். டாக்டர் சொன்ன தேதி 28. இடையில் நாலு நாள். இரண்டு வீட்டிலும் இந்த நாலு நாள்தான் பேச்சு.

மா. சாயா குடித்துக்கொண்டே: "லீவு தீருததுக்கு முன்ன எடுத்திரலாம் மக்கா. இப்ப எல்லாவளும் ஆப்பரேஷன்லதான் எடுக்கா. காலையில கூட்டிட்டுப் போனா மத்தியானம் பிள்ளை கையில."

எடுத்திரலாம். கடையில் புடவை எடுப்பார்கள். ரேஷனில் அரிசி எடுப்பார்கள். பிள்ளையைப் பெறுவார்கள் என்றுதான் நான் படித்தது.

அதை வாயால் சொல்லவில்லை. "பாக்கலாம் மாமி" என்றேன். கோழை.

ஜெ. ரஸ்க்கை சாயாவில் முக்கிக்கொண்டே இருந்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது.

ஜூன் 15, திங்கள்

நேற்று நடந்தது. நேற்றே எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.

ஜெ. வீட்டுச் சபையில் ஆராதனை. பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சு, அருகில் மா. பிரசங்கம் முடிந்து அறிவிப்பு. சபைச் செயலர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஸ்தோத்திர காணிக்கைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். புது வீடு. பிளஸ் டூ தேர்ச்சி. பைக்கிலிருந்து விழுந்தும் உயிர் தப்பியது. அப்புறம்:

"சகோதரி தங்கம் குடும்பத்தார், இம்மாதம் பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பிறந்த பேரக்குழந்தைக்காகவும், தாயும் சேயும் சுகமாயிருக்கிறதற்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்."

தங்கம் என் மா. நேற்று தேதி பதினான்கு.

எல்லாத் தலையும் எங்கள் பெஞ்சுக்குத் திரும்பியது. பாட்டுக்குழுவில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வரும் ஞாயிறு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டியிருக்கும், சபைக்கு வர முடியாது. அதனால் மா. அந்த வாரத்துச் சீட்டை இந்த வாரமே கொடுத்து வைத்திருக்கிறார். செயலர் தேதியைக் கவனிக்காமல் வாசித்துவிட்டார். ஆக, நாள் குறித்தாயிற்று. கர்த்தருக்கு நன்றியும் சொல்லியாயிற்று. என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

எழுந்து நின்றேன். நிற்பேன் என்று எனக்கே தெரியாது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வயிறு எல்லோருக்கும் தெரியும்படி.

"இன்னும் பிறக்கல்ல ஐயா."

மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும்.

செயலர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது... அட்வான்ஸ் ஸ்தோத்திரம்" என்றார். சபையே சிரித்தது. ஆயர் குனிந்து வேதாகமத்தில் எதையோ தேடினார்.

மா. என் ஷாலைப் பிடித்து இழுத்தார். "இரிட்டி. மானம் போவுது." நான் உட்காரவில்லை. அடுத்த சீட்டு வாசித்து முடியும்வரை நின்றேன்.

காரில் ஜெ.யிடம்: "அத்தானுக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் தியேட்டர் ஒழிவா இருக்கான்னு அம்ம ஆஸ்பத்திரியில கேட்டா. நான் வேண்டாம்னு சொல்லல்ல."

வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அதுவும் ஒரு கையெழுத்துதான்.

கொஞ்ச தூரம் போனபின் அவரே: "என் பிள்ளைய நான் ஃபோன்லதான் பாக்கணுமா ஷைனி? அடுத்த லீவுக்கு ஒண்ணரை வருஷம். அப்ப அது என்னப் பாத்து, ஆரோ வந்திருக்குன்னு அழும்."

 

ஜூன் 16, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரி. டோக்கன் 31. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தலை இறங்கியிருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு. பிள்ளை எடை சரி. பிரஷர் எனக்குக் கொஞ்சம் கூட. காரணம் அறைக்குள்ளேயே நின்றது.

டாக்டர்: "பத்தொன்பதாம் தேதின்னு ஆரு சொன்னா?"

மா.: "மகனுக்கு லீவு தீருது டாக்டரே."

"பேரப்பிள்ளைக்கு லீவு தீரல்லியே. அது இன்னும் பத்து நாள் சுகமா உள்ள கிடக்கும்."

பிறகு என்னைப் பார்த்து: "தேவை வந்துதுன்னா நான் ஆரையும் கேக்க நிக்க மாட்டேன், ஆப்பரேஷன்தான். இப்ப தேவை இல்ல. நீ சொல்லு. நீ என்ன நினைக்க?"

இத்தனை மாதத்தில் என்னிடம் கேட்ட முதல் ஆள்.

"தேவை வந்தா கீறுங்க டாக்டர். டிக்கெட்டுக்காக வேண்டாம்."

ஜெ. தரையைப் பார்த்தார்.  தக்கலையில் இறங்கும்போது மா. ஒரே ஒரு சொல்: "படிச்ச பிள்ள." வசவு என்றே குறித்துக்கொள்கிறேன். படித்தவள்தான். அதற்கென்ன?

ஜூன் 19, வெள்ளி

சபைக் கணக்குப்படி இன்று எனக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. நான் நெத்திலி அவியலும் சோறும் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறேன்.

அசைவு: காலை 9 முதல் 10 வரை 6. மதியம் சாப்பிட்ட பின் 8. மாலை 4 முதல் 5 வரை 3 மட்டும். பயந்து ஒரு குவளை ஜூஸ் குடித்தேன். உடனே 5.

இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். பயம். காத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால், "அன்னைக்கே எடுத்திருக்கலாம்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள். நானே சொல்லிக்கொள்வேன். அந்த மூன்று அசைவை எண்ணிய ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் ஃபோன் போட்டு "எடுத்திருங்க" என்று சொல்லப் பார்த்தேன். சொல்லவில்லை. நல்லவேளையா, தலைக்கனமா, தெரியாது.

அம்மா: "நீ செய்தது சரிதான் ஏட்டி. ஆனா எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு, கேட்டியா."

எனக்கும்தான் அம்மா.

ஜூன் 24, புதன்

ஜெ. போய்விட்டார்.

கம்பெனியில் ஒரு வாரம் நீட்டிக் கேட்டிருக்கிறார். நேற்றுதான் சொன்னார். தரவில்லை. என்னிடம் சொல்லாமலே ஆறு நாளாகக் கேட்டிருக்கிறார். எத்தனை பேச்சை இந்த மனிதர் விழுங்குவார்!

கார் வாசலில் நிற்க, மண்டியிட்டு என் வயிற்றுப் பக்கம் வாயை வைத்து: "ஏலேயோ ஏட்டியோ, ஆரானாலும் கேளு. மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. வாறதுன்னா வா."

டிரைவர் சிரித்தார். நானும். மூன்று மணி ஆயிற்று. வரவில்லை. அப்பனுக்குப் பிறந்ததுதானே, வாய் திறக்காது.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தப்புச் செய்தேனா? இல்லை. அழுகை வேறு, தப்பு வேறு. இரண்டையும் சேர்த்துக் கட்ட விடமாட்டேன், எனக்குள்ளேயும்.

ஜூன் 26, வெள்ளி

ஆஸ்பத்திரி. கட்டில் 7. மழை.

காலை 6.10க்கு முதல் வலி. 6.32. 6.50. அம்மா சுக்குக் காப்பி, ஜெபம், மறுபடி சுக்குக் காப்பி. மா.வுக்கு நான்தான் ஃபோன் செய்தேன். எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார், குடை இல்லாமல்.

கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர் திறந்திருக்கிறதாம். சிஸ்டர் ஒரு படிவத்தோடு வந்தாள். "வீட்டுக்காரர் எங்க? கையெழுத்து வேணும்."

மா. கையை நீட்டினார். "அவன் கத்தார்ல. தா, நான் போடுதேன்."

நான் முந்திக்கொண்டு வாங்கினேன். எழுதினேன். நோயாளி பெயர்: ஷைனி. சம்மதிப்பவர்: ஷைனி. நோயாளிக்கு உறவு: நானே.

சிஸ்டர்: "இதென்ன, இப்படி ஆரும் எழுதுனதில்ல."

"நான் எழுதியாச்சு."

மா. படிவத்தை எட்டிப் படித்தார். நேரம் எடுத்துப் படித்தார். வரப்போகும் வசவுக்கு நான் தயாராக இருந்தேன்.

"நோயாளியா?" என்றார் சிஸ்டரிடம். "இவளுக்கு என்ன நோயி? வெட்டிட்டு வேற எழுது."

சிஸ்டர் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெ. வீடியோவில். முகத்தைக் காட்டச் சொல்கிறார். கொஞ்சம் பொறும், எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு நிமிடத்துக்கு ஒன்றாக வந்த வலி இப்போது நாலுக்கு ஒன்று. அடுத்தது தொடங்குகிறது, முதுகிலிருந்து. வரட்டும்